நனையாதவங்க சொல்ற தீர்ப்பு

ஜூலை மாசம் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பாக்குறது எனக்குச் சில வருஷமா வழக்கம். அங்க சாயங்காலம் அஞ்சரைக்கு முடியுற ஓட்டம் நமக்கு ராத்திரி ஒன்பது மணி. மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, சாப்பிட்டு உக்காந்தா கடைசி மலை ஏறிக்கிட்டு இருப்பாங்க. இன்னமும் தோட்டத்துக்கு சைக்கிள்லதான் போறேன், அதனால இது ஒட்டிக்கிச்சோ என்னவோ.

மழை, பனின்னு ஓட்டத்தைச் சுருக்கினா போதும், "அந்தக் காலத்து வீரங்க எங்க, இவங்க எங்க"ன்னு ஒரு கூட்டம் கிளம்பிடுது. பேசறவங்க யாருன்னு பாத்தா, முக்காவாசிப் பேர் என்னை மாதிரி கூரைக்குக் கீழ உக்காந்து பாத்தவங்க.

2019 ஜூலை 26-ஐ எடுத்துக்குங்க. ஆல்ப்ஸ் மலையில இசெரான் கணவாய், 2,700 மீட்டருக்கு மேல. நம்ம தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பிரான்ஸ்காரர் ஜூலியன் அலாஃபிலிப் 14 நாளா மஞ்சள் சட்டையில இருந்தார். 1985-க்கு அப்புறம் அந்த நாட்டுக்காரர் யாரும் ஜெயிக்கலை, அதனால ஊரே அவர் பின்னாடி. அன்னிக்கு ஏத்தத்துல கொலம்பியாவோட 22 வயசுப் பையன் எகன் பெர்னால் அவரை விட்டுட்டு முன்னாடி போயிட்டார். இறக்கத்துல போய்க்கிட்டு இருக்கும்போது, முன்னால இருந்த ரோட்டுல ஆலங்கட்டி கொட்டி, மண்ணும் சரிஞ்சு விழுந்துடுச்சு. பனி தள்ளுற வண்டி ஐஸையும் தண்ணியையும் ஒதுக்கிக்கிட்டு இருந்ததை டிவியில காட்டினாங்க. ஓட்டத்தை நிறுத்தி, கணவாய் உச்சியில எடுத்த நேரத்தையே கணக்கா வச்சாங்க. அன்னிக்கு ஜெயிச்சவர்னு யாரும் இல்லை. மஞ்சள் சட்டை பெர்னாலுக்குப் போச்சு.

அலாஃபிலிப் இறக்கத்துல கெட்டிக்காரர், விட்டிருந்தா பிடிச்சிருப்பார்னு இன்னும் சொல்றாங்க. எதுல பிடிக்கிறது? சேத்துலயா? எங்க பக்கம் பத்து நிமிஷம் ஆலங்கட்டி விழுந்தா தக்காளிக் காடு மண்ணோட மண்ணா கிடக்கும். அதுகிட்ட வீரம் பேச முடியாது. மறுநாளும் மண்சரிவால 130 கிலோமீட்டர் ஓட்டத்தை 59 ஆக்கினாங்க. அன்னிக்கு மலை ஏறும்போது அலாஃபிலிப் இன்னும் பின்தங்கி, கடைசியில அஞ்சாவதா வந்தார்.

பழைய கதைன்னு எல்லாரும் இழுக்கிறது 1988 ஜூன் 5, இத்தாலியில காவியா கணவாய். கொட்டுற பனியில ஓட்டினாங்க. அரைக்கை சட்டையோட உச்சிக்கு முதல்ல போனவர் யோஹான் வான் டெர் வெல்டே. இறக்கத்துல குளிர் தாங்காம ஓரமா ஒதுங்கி, 47 நிமிஷம் பின்தங்கித்தான் வந்து சேந்தார். இந்தக் கதையைச் சொல்லி இப்ப உள்ளவங்களைத் திட்டுறது எனக்கு ஒத்துக்கலை. ஏறும்போது வேர்வையில நனைஞ்ச உடம்பு, இறங்கும்போது எழுபது எண்பது கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா விறைச்சுப் போகும். பிரேக் பிடிக்க விரல் மடங்காது.

இது ரோட்டோரம் நிக்கிறவங்களுக்குத் தெரியும். உச்சியில நின்னு நியூஸ்பேப்பரை நீட்டுவாங்க. ஓட்டுறவர் வாங்கி சட்டைக்குள்ள நெஞ்சுல சொருகிக்கிட்டு இறங்குவார். எத்தனையோ வருஷப் பழக்கம். அந்த ஜனங்க டிக்கெட் வாங்கின ஜனங்க இல்லை, ரோட்டுல பாக்குறதுக்குக் காசே கிடையாது. ரெண்டு மூணு நாள் முன்னாடியே வேனைக் கொண்டுபோய் நிறுத்தி, சமைச்சுச் சாப்பிட்டு, கொட்டுற மழையில காத்துக்கிடந்து, கண் முன்னாடி போற கொஞ்ச நேரத்துக்காக நிக்கிறாங்க. 2019-ல தீன்யே ஊர் எல்லைக்கோட்டுல காத்திருந்தவங்களுக்கு அதுவும் கிடைக்கலை. நஷ்டம் அவங்களுக்குத்தான், சோபாவுல இருந்தவங்களுக்கு இல்லை.

அதுக்காக நிறுத்தினது எல்லாமே சரிங்கிறேன்னு நினைச்சுடாதீங்க. 2020 அக்டோபர்ல இத்தாலி ஓட்டத்துல ஒருநாள் 258 கிலோமீட்டர் இருந்ததை, வீரர்கள் மறுத்ததால 124-க்குக் குறைச்சாங்க. காரணம் மழையும் அலுப்பும். மலையும் இல்லை, மண்சரிவும் இல்லை. பாதியில விட்டுப்போன ஊர்களை நினைச்சா எனக்கு அது பிடிக்கலை. வழியில இருக்கிற சின்ன ஊருக்கு இது வருஷா வருஷம் வர்ற தேர் கிடையாது. ஒரு தடவை தப்பினா மறுபடி எப்ப வருமோ.

பட்டணத்துல இருக்கிற நீங்க மழைன்னா பஜ்ஜி போட்டோ அனுப்புறீங்க. கோவம் இல்லை, அனுப்புங்க. ஆனா அடுத்த ஜூலையில மழை நாள் வந்தா முழுசா உக்காந்து பாருங்க. பைக்ல போற கேமரா எடுக்கிற படம் மேல பறக்கிற ஹெலிகாப்டர், விமானம் வழியாத்தான் நமக்கு வருது. மேகம் இறங்கி அதுங்க பறக்க முடியலைன்னா படம் விட்டு விட்டு வரும், அப்புறம் நின்னே போகும். எல்லைக்கோட்டுல இருக்கிற ஒத்தை கேமரா காலி ரோட்டைக் காட்டிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல ஓட்டத்தைப் பாக்குறவங்க, மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற அந்த ஜனங்க மட்டும்தான்.