மானுக்கு உடையவர் எவர்?

திருக்கோணமலையில் மாலை வேளையிலே டச்சு விரிகுடாக் கரையில் நிற்போர்க்கு, வேறெந்தத் துறைமுக நகரிலும் எளிதிற் கிடையாத காட்சியொன்று கிடைக்கும். பிரெடெரிக் கோட்டைப் பக்கமிருந்து புள்ளிமான்கள் கூட்டங் கூட்டமாய் வரும். கோணேசர் கோயிலுக்குச் செல்லும் அடியார்களிடையே அஞ்சாது நடக்கும். வெளிநாட்டார் படம் பிடிப்பர். குழந்தைகள் கைகொட்டுவர். நகரின் பெருமை என்று நாமும் மார்தட்டிக் கொள்வோம்.

அதே மானை இரவு பத்து மணிக்குப் பாருங்கள்! குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டு நிற்கிறது. எஞ்சிய சோற்றின் மணத்துக்காக அது சுற்றியிருந்த பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையிற் புகுந்த பொலித்தீன் செரிப்பதுமில்லை, வெளியேறுவதுமில்லை. பை மேற் பை சேர்ந்து உருண்டையாகின்றது. வயிறு நிறைந்ததென்று மயங்கி மான் மேய்வதை விடுகின்றது. நிறைந்த வயிற்றோடு பட்டினியால் மடிகின்றது. பகலிற் பெருமை, இரவிற் பிணம்! இதுவா நாம் மார்தட்டும் காட்சி?

இப்படி வீழ்ந்து கிடந்த பெண்மான் ஒன்றுக்காக ஒருநாட் காலை நாம் தொலைபேசியை எடுத்தோம். முதல் அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது. இரண்டாவது, நிலம் தன்னுடையதன்று என்றது. மூன்றாவது, எழுத்து மூலம் முறையிடுமாறு கேட்டது. எழுதி முடிக்குமுன் மான் இறந்தது. பின்னர் அதன் உடலை அகற்றுவது எவர் பொறுப்பு என்ற வழக்குத் தொடங்கியது.

இந்நிலையில் இரு கட்சியார் எழுந்து வாதாடுகின்றனர். "மான் பெருகிவிட்டது, பிடித்துக் காட்டுக்கு அனுப்புக" என்பது ஒரு கட்சி. "மான் கோணேசர் சந்நிதியின் செல்வம், எவரும் தொடற்க" என்பது மற்றது. இரண்டையும் நாம் மறுக்கின்றோம்.

முதற் கட்சியாரை ஒன்று கேட்கின்றோம். பெருகிவிட்டது என்கிறீர்களே, எத்தனை மான் உண்டு? சென்ற ஆண்டு எத்தனை? கன்று எத்தனை, இறந்தவை எத்தனை? எண்ணாமலே மிகுதி என்பது, சாட்சியை விசாரியாமலே தீர்ப்பெழுதுவதற்கு ஒப்பாகும். 2025 மார்ச் 15ஆந் திகதி காலை எட்டு மணிக்கு நாடெங்கும் மக்களை ஐந்து நிமிடம் தத்தம் வளவில் நிறுத்திக் குரங்கையும் மயிலையும் எண்ணுவித்தது அரசாங்கம். மானுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே அரசு சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை எண்ணத் தவறவில்லை. 2022 சனவரி ஒப்பந்தத்திலே 14 இந்திய நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு என்று 99 தாங்கிகளுக்கும் கணக்குத் தீர்த்தது. இரும்புக்குக் கணக்கு உண்டு, உயிருக்கு இல்லை!

பிடித்து அனுப்புவதும் சொல்வது போல் எளிதன்று. துரத்திப் பிடிக்கப்படும் மான் அதிர்ச்சியாலே தசைகள் சிதைந்து, விட்ட இடத்திற் சில நாளில் இறப்பது கால்நடை வைத்தியர் அனைவரும் அறிந்ததே. தப்பியவையும், மனிதனை அஞ்சாது வளர்ந்தவையாதலால், சிறுத்தைக்கும் வேட்டைக்காரனுக்கும் முதல் இரையாகும். இதற்குப் பெயர் இடமாற்றமா, கண்காணாத இடத்திற் கொலையா?

இனி இரண்டாங் கட்சியார். தொடாதே என்றால் காத்ததாகுமா? சப்பான் நாட்டு நாரா நகரின் மான்களும் கசுகா ஆலயத்தின் புனித விலங்குகளே. 1957இல் அவை இயற்கைச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டன. அங்கே ஆண்டுதோறும் மான் எண்ணப்படுகின்றது. பேணுவதற்கென்றே ஒரு சபை இயங்குகின்றது. அத்தகைய நகரிலேயே 2019இல் இறந்த 14 மான்களில் ஒன்பதின் வயிற்றிற் பிளாஸ்ரிக் கிடந்தது, ஒன்றினுள்ளே 4.3 கிலோ! எண்ணிக் காக்கும் நாராவுக்கே இக்கதி என்றால், எண்ணாது கைவிட்ட எமது நகரின் கதி என்ன? சென்னை கிண்டிக் காட்டை ஒட்டிய தொழில்நுட்பக் கழக வளாகத்திலும் மான்கள் பிளாஸ்ரிக் தின்று மாண்டன. பக்தியும் படிப்பும் மட்டும் பொலித்தீனைத் தடுப்பதில்லை.

மான் பெருகவே பெருகாது என்றும் நாம் வாதிடவில்லை. புள்ளிமான் ஆண்டின் எப்பருவத்திலும் கன்று ஈனும். அந்தமான் தீவுகளிலே வெள்ளையர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான், பகை விலங்கு இல்லாமையாற் பெருகி, இளமரங்கள் தலையெடுக்க விடாது காட்டையே கெடுத்தது. திருக்கோணமலை நகரிலும் சிறுத்தை இல்லை; கன்றுகளைக் கடித்துக் குதறும் கட்டாக்காலி நாய்களே உண்டு. வளவுக்குள் புகுந்து கீரையையும் கத்தரியையும் மான் மேய்ந்துவிட, அன்றாடம் காய்கறிக்கும் வழியின்றி நிற்கும் ஏழைத் தாயின் முறைப்பாடு பொய்யன்று. இரவில் மானோடு மோதி மோட்டார் சைக்கிளிலிருந்து விழும் தொழிலாளியின் முறிந்த காலும் பொய்யன்று. அவர்களை மானின் பகைவர் என்று தூற்றுவது அநீதி. பொறுப்பாளர் பொறுப்பைத் துறந்த இடத்தில் ஏழையும் மானும் எதிரிகளாக்கப்பட்டிருக்கின்றனர்.

அந்தப் பொறுப்பாளர் எவர்? சட்டத்தைப் புரட்டுவோம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மான் வனசீவராசிகள் திணைக்களத்தின் காவலில் உள்ளது. மான் வாழும் கோட்டைக்குள் இராணுவம் உள்ளது. வீதிக் குப்பையை அகற்றுவது உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. அகற்றிச் சேர்த்த குப்பை மன்றத்தின் சொத்து என்றே சட்டம் கூறுகின்றது. ஆகவே அரசின் ஒரு கை காக்கும் உயிரை மற்றொரு கையின் சொத்து கொல்கின்றது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் பைகளுக்கும் சோறு சுற்றும் தாளுக்கும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை உண்டு. தடை வர்த்தமானியில் வாழ்கின்றது. பை மானின் வயிற்றில் வாழ்கின்றது.

இது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் அதற்காகப் போரிட்டனர். 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1957இற் கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் விட்டகன்றனர். துறைமுகத்தை விரும்பியவர் பலர்; அதனருகே வாழும் ஊரைப் பற்றிக் கேட்டவர் எவருமில்லை. இன்றும் நிலம் ஒருவர் கையில், கடல் ஒருவர் கையில், மான் ஒருவர் ஏட்டில். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. ஆண்டுகள் பல உருண்டும் தேர்தல் வைக்கப்படாது ஆளுநர் ஆட்சியே நீண்டது. உள்ளூராட்சி மன்றங்களும் 2023 மார்ச்சிற் கலைந்து, 2025 மே வரை மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்தன. வாக்காளனுக்கு விடை சொல்ல வேண்டாத ஆட்சியில், வாக்கே இல்லாத மானுக்கு விடை சொல்பவர் எவர்?

ஆயினும் பழியைக் கொழும்பின் வாசலிற் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. தன்னாட்சி வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம்; முழங்குவது நியாயமே. ஆனால் குப்பை அள்ளும் அதிகாரம் இன்றும் எம் கையில் உள்ளதே! அதற்கு எந்த அரசியல் திருத்தமும் வேண்டியதில்லை. கோணேசரைக் கும்பிட்டுத் திரும்பும் வழியிற் பிரசாதப் பையை வீசுபவர் அந்நியரா? நம்மவரே! இருக்கும் அதிகாரத்தைச் செலுத்தாதவன் இல்லாத அதிகாரத்தைக் கேட்கும்போது எதிரி நகைப்பான்.

எனவே நாம் கோருவது இது. முதலாவது, மானை ஆண்டுதோறும் பகிரங்கமாக எண்ணி முடிவை வெளியிடுக. இரண்டாவது, உள்ளூராட்சி மன்றம், வனசீவராசிகள் திணைக்களம், இராணுவம், கோயில் பரிபாலனம், கால்நடை வைத்தியர் ஆகியோர் அடங்கிய நிரந்தரக் குழுவை அமைத்து, விடை சொல்லும் கடமையை ஒரே அதிகாரியிடம் வைக்க. மூன்றாவது, கோட்டை வீதியிலும் கடற்கரையிலும் மூடியுள்ள தொட்டிகளை வைத்து, இருளுமுன் குப்பையை அகற்றுக. நான்காவது, கோட்டைப் பகுதியில் புல்லும் நீரும் உள்ள மேய்ச்சல் நிலம் ஒதுக்குக. இரவில் வாகன வேகத்தைக் கட்டுப்படுத்துக. நாய்களுக்குக் கருத்தடை செய்க. வேலியடைக்க வசதியற்ற வீட்டாருக்கு உதவுக. ஐந்தாவது, இவ்வளவும் செய்து எண்ணிய பின்னும் மிகுதி என்று தெரிந்தால், பெருக்கத்தைக் கருத்தடை ஊசியால் அடக்குவதை ஆராய்க. நியூயோர்க் மாநிலத்துப் பயர் ஐலன்ட் என்னும் தீவில் 1993இல் தொடங்கிய அம்முறை, விடாது செய்த இடங்களில் மான்தொகையைக் குறைத்தது. இடமாற்றம் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

இவற்றுள் முதலாவதற்குச் செலவு ஒரு காலைப்பொழுது. மூன்றாவதற்குச் செலவு ஒழுங்கு. பணமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

வாக்களித்து மன்றத்தை அமைத்த திருக்கோணமலை மக்களே! அடுத்த கூட்டத்தில் உங்கள் உறுப்பினரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கள் ஊரில் மான் எத்தனை? விடை தெரியாதவர் எண்ணிவரட்டும். எண்ண மனமில்லாதவர் அந்த ஆசனத்தை எண்ணத் தெரிந்தவருக்கு விட்டு எழட்டும்!