குறைந்த விலை என்பது யாருடைய கணக்கு?

சிமென்ட்டைப் பற்றி இலக்கியப் பக்கத்தில் என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். உடையார்பாளையம் என்ற பெயர் நம்மில் பலருக்கு உ.வே. சாமிநாதையரின் வழியாகவே அறிமுகம். அவருடைய தந்தையாருக்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர் அந்த ஜமீனின் வித்துவான். அந்தப் பழங்கதைகளில் தோய்ந்த மனத்தோடு இன்று அப்பகுதிக்குச் செல்பவர், சிமென்ட் லாரிகளுக்கு வழிவிட்டே நடக்க வேண்டியிருக்கும். ஓர் ஊரின் கவிதையைப் பேசுகிறவர்கள் அதன் மண்ணைப் பற்றியும் பேசக் கடமைப்பட்டவர்கள் என்பதே நமது எண்ணம்.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பகுதி கடலாய் இருந்தது. அக்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் படிந்து உருவான சுண்ணாம்புக்கல்தான் அரியலூர் மாவட்டத்தைச் சிமென்ட் மாவட்டமாக ஆக்கியது. அரசு நிறுவனமான டான்செம்மின் அரியலூர் ஆலை 1979 முதல் இயங்கிவருகிறது. அதைச் சூழத் தனியார் ஆலைகள் பல.

சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது நடப்பது எளிய வேதியியல். தூய கல் ஒரு டன் எடுத்துச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 440 கிலோ கரியமில வாயுவாகி வானேறும். சூளையை ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் வைத்திருக்க எரிக்கும் நிலக்கரியின் புகை இதற்கு மேல். எரிபொருளை மாற்றினாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வெளிவந்தே தீரும். உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட்டினுடையது என்பதன் காரணம் இதுவே. ஆகவே, சூளையிலிருந்து உருண்டைகளாக வெளிவரும் கிளிங்கரைக் குறைத்து, வேறு பொருளைக் கலப்பதுதான் இன்று கைக்கெட்டும் வழி.

அந்த வழி புதியதன்று. அனல்மின் நிலையச் சாம்பலை 35 விழுக்காடு வரை கலந்த சிமென்ட்டுக்கும், இரும்பாலைக் கசடை 70 விழுக்காடு வரை கலந்த சிமென்ட்டுக்கும் இந்தியத் தரநிலைகள் உண்டு. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் புதிய சிமென்ட் ஒன்றின் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. அதற்கும் 2023-இல் தரநிலை வகுக்கப்பட்டுவிட்டது. பொருள் இருக்கிறது, தரநிலை இருக்கிறது. வாங்குபவர் கேட்க வேண்டும், அவ்வளவே. வாங்குபவர்களில் மிகப் பெரியவர் அரசு.

ஆனால் அரசு எப்படி வாங்குகிறது? ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து, குறைந்த தொகை எழுதியவருக்கு வேலையைத் தருகிறது. இந்தக் குறைந்த விலைக் கணக்கின் இலட்சணத்தை உடையார்பாளையம் வட்டம் முன்பே ஒருமுறை கண்டிருக்கிறது. 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்றுமதிலைப் பெயர்த்துக் கல் எடுத்துச் சென்றார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் எழுப்பித் தருவதாகச் சொல்லப்பட்ட வாக்கும் நிறைவேறவில்லை. அணையால் வயல்கள் நீர் பெற்றன என்பது உண்மை. கல்லின் விலை அணையின் செலவுக் கணக்கில் ஏறவில்லை என்பதும் உண்மை. இன்று வானம் தாங்கும் வாயுவும் அப்படித்தான் ஏட்டில் ஏறாமல் போகிறது.

ஏட்டில் ஏற்ற வழியுண்டு. நெதர்லாந்தின் இருப்புப்பாதை நிறுவனமான புரோரெயில் 2009-இல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. கரியைக் குறைக்கும் ஒப்பந்ததாரரின் விலைப்புள்ளியை, ஒப்பிடும்போது மட்டும், ஒரு பங்கு குறைத்துக் கணக்கிடுவார்கள். 100 இலட்சம் கேட்டவரை 95 இலட்சம் கேட்டவராகக் கருதி வரிசைப்படுத்துவார்கள். வேலை கிடைத்தால் அவருக்கு முழுத் தொகையும் தரப்படும். மானியமும் இல்லை, தடையும் இல்லை. போட்டியின் விதி மட்டும் மாறுகிறது.

நம் சட்டம் இதற்கு இடம் தராது என்பவர்கள், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைக்கான 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீண்டும் படிக்க வேண்டுகிறோம். ஒப்பந்த ஆவணத்தில் முன்கூட்டியே குறிப்பிட்ட, அளவிடத்தக்க காரணிகளுக்கு உரிய எடை தந்து குறைந்த புள்ளியைக் கண்டறியலாம் என்றே அது சொல்கிறது. ஒரு டன் சிமென்ட்டில் எத்தனை கிலோ கிளிங்கர் என்பதைவிட அளவிடத்தக்க காரணி எது? வாங்குவதன் வழியே வழக்கத்தை மாற்றுவதும் நமக்குப் புதிதன்று. அனல்மின் நிலையங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் சாம்பல் கலந்த செங்கல்லை வற்புறுத்திய மத்திய அரசின் அறிவிக்கை 1999-லேயே வந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கலப்புச் சிமென்ட் விலை அதிகமில்லையே, பிறகு ஊக்கம் எதற்கு? நாம் பார்த்தவரை சிக்கல் விலையில் இல்லை, நாளில் இருக்கிறது. கலப்புச் சிமென்ட் மெதுவாக வலுப்பெறும். சாதாரணச் சிமென்ட்டுக்கு 7 நாள் தண்ணீர் விட்டால் போதும் என்னும் இந்தியக் கான்கிரீட் விதிமுறை, கலப்புச் சிமென்ட்டுக்கு 10 நாள் கேட்கிறது. சென்ட்ரிங் பலகையின் வாடகை, தண்ணீர் விடும் ஆளின் கூலி, தாமதத்துக்கான அபராதம் எல்லாம் சிறு ஒப்பந்ததாரரின் தலையில் விழும். அவர் தண்ணீரைக் குறைப்பார். கூரை விரிசல் விடும். பழி சிமென்ட்டின் மேல் போகும். ஆகவே கரிக்கான சலுகையோடு, கூடுதல் நாள்களும் அந்நாள்களுக்கான கூலியும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். இதைச் செய்யாத பசுமை விதி, ஏழையின் வீட்டுக் கூரையில்தான் சோதிக்கப்படும்.

தொடங்க வேண்டிய இடமும் அதுவே. 2030-க்குள் எட்டு இலட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024-இல் தமிழக அரசு அறிவித்தது. சிமென்ட் ஆலைக்கும் அரசே உரிமையாளர், வீட்டுத் திட்டத்துக்கும் அரசே உரிமையாளர். விற்பவரும் வாங்குபவரும் ஒருவராயிருக்கும்போது யாருக்காகக் காத்திருப்பது? சிமென்ட், எஃகு ஆகியவற்றின் கரியைக் குறைக்க 2021-இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சிக்கு, பிரிட்டனோடு இணைந்து தலைமை ஏற்ற நாடு இந்தியா. அந்தத் தலைமை உலக மேடைகளில் மட்டும் இருந்தால் போதாது; ஊராட்சி ஒன்றியத்தின் ஒப்பந்த ஆவணத்திலும் ஒரு வரியாக வர வேண்டும்.

இதனால் சுரங்கப் பள்ளங்கள் நிரம்பிவிடா, லாரிப் புழுதி அடங்கிவிடாது என்பதை அறிவோம். ஆனால் ஒவ்வொரு மூட்டையிலும் கிளிங்கர் குறையக் குறைய, அம்மண்ணிலிருந்து வெட்டப்படும் கல்லும் குறையும். உடையார்பாளையத்து மக்களுக்கு இந்தக் கணக்கில் உள்ள நேரடிப் பங்கு அது. அதை அவர்கள் கேட்டுப் பெறவேண்டும். நாமும் உடன்நின்று கேட்போம்.