தவணைக்கு வரத்தான் எங்களைத் தெரியுமா?

பதுளைக் கோட்டுக்கு வரச் சொன்னீங்க, வந்தோம். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து விடியக்காலை பஸ் ஏறணும். காலையில ஆள் கணக்கு எடுக்குற பெரட்டுக்குப் போகாட்டி அன்னைக்குப் பேர் விழாது. அதையும் விட்டுட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டு கோட்டு வராந்தாவுல நின்னா, எதிர்ல அவளுக்குக் கெடுதல் செஞ்ச அவன் நிக்கிறான்! பிணையில விட்டதை எங்களுக்கு யாரு சொன்னா? மேல் லயத்து அக்கா சொல்லித்தான் தெரியும். அப்புறம் "மொழிபெயர்ப்பாளர் வரல, அடுத்த தவணை"ன்னு அனுப்பிட்டீங்க.

பாதிக்கப்பட்டவங்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவி, பாதுகாப்புக் கொடுக்க 2015ல 4ஆம் இலக்கச் சட்டமாம். அதுக்குப் பதிலா 2023ல 10ஆம் இலக்கமாம். தோட்டத்து டீச்சர் வாசிச்சுக் காட்டினாங்க. விசாரணை எந்த மட்டுல இருக்குன்னு பாதிக்கப்பட்டவங்க கேட்கலாமாம். வழக்குக்கு வந்துபோற செலவையும் கேட்கலாமாம். அவன் மூஞ்சியப் பார்க்காம வேற இடத்துல இருந்தே சாட்சி சொல்லவும் வழி இருக்காம். கேட்கக் கேட்க வயிறு எரிஞ்சிது. முறைப்பாடு எழுதின அன்னைக்கே இதுல ஒண்ணையாவது சொன்னா என்ன குறைஞ்சிரும்? எழுதினது சிங்களத்துல. எழுதட்டும், வாசிச்சாவது காட்டணும்ல? எம் புள்ள அழுது சொன்னது அதுல இருக்கா இல்லையான்னு தெரியாமலே கையெழுத்து வச்சேன்.

எங்களுக்குக் கோட்டுல நியாயம் கிடைக்காதது இன்னைக்கு நேத்து நடக்குறதா? 2000 ஒக்டோபர் 25. பண்டாரவளைக்குக் கிட்ட, பிந்துனுவெவ. அரசாங்கத்தோட புனர்வாழ்வு முகாமுக்குள்ள ஒரு கும்பல் புகுந்து 27 தமிழ்ப் பையங்கள அடிச்சும் வெட்டியும் எரிச்சும் கொன்னாங்க. பொலிஸ் துவக்கோட நின்னுச்சு. 41 பேர் மேல வழக்கு. 2003 ஜூலையில அஞ்சு பேருக்கு மரண தண்டனைன்னாங்க. 2005 மே மாசம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னப்போ, தண்டனையோட ஒருத்தர்கூட மிஞ்சல. தப்பிப் பிழைச்ச பையங்க கொழும்புக் கோட்டுல ஏறி நின்னு சாட்சி சொன்னாங்களே, அவங்களுக்குத் துணை நிக்க அப்ப ஒரு சட்டமும் இல்ல. அந்தச் சட்டம் வர, தீர்ப்புக்கு அப்புறமும் பத்து வருசம் ஆச்சு. வந்தும் எங்க மலைக்கு ஏறி வரல.

ஊர்ல என்ன சொல்றாங்க தெரியுமா? "சமாதானமாப் போங்க, பொம்பளப் புள்ள பேர் கெட்டுரும்." யாரு கெடுத்தது? அவனுக்கு வக்கீல் இருக்காரு. எங்களுக்கு அரசாங்க வக்கீல் பேசுவாராம். அவர் எம் புள்ளகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. வழக்கு அரசாங்கத்தோடது, வலி மட்டும் எங்களோடது!

அடுத்த தவணைக்கும் வருவோம். ஆனா அவன் நிக்கிற வராந்தாவுல எம் புள்ளைய நிறுத்த மாட்டேன். தனி அறையக் காட்டுங்க, தமிழ் தெரிஞ்ச ஒருத்தரை அனுப்புங்க. இல்லாட்டி நீதவான் ஐயா முன்னாலயே கேட்பேன், சட்டப் புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு, டீச்சரையும் கூட்டிக்கிட்டு வந்து.