இரண்டாயிரத்து நூறு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் திண்டிவனத்தில் நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்திக்கு நேரம் இருந்தது. ஒன்பதாவது படிக்கும் என் தங்கை பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினான். "தாத்தா, ஆன்லைன் செஸ்ல என் ரேட்டிங் 2100!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தங்கை வீட்டுக்குப் போய்ப் பரணில் கிடந்த பழைய போர்டை இறக்கினோம். மூன்று ஆட்டம். மூன்றிலும் நான் ஜெயித்தேன். நான் எப்படி ஆடுவேன் என்பது என்னோடு ஸ்டாஃப் ரூமில் ஆடியவர்களுக்குத் தெரியும்! இரண்டாவது ஆட்டத்தில் என் குதிரை வெட்டும் கட்டத்திலேயே ராணியைக் கொண்டுவந்து வைத்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனேதான் சொன்னான்: "இன்னொரு போன்ல என்ஜின் ஓடும் தாத்தா. எல்லாரும்தான் பண்றாங்க."

எல்லாரும் என்றதும் 2021 ஜூன் 13 நினைவுக்கு வந்தது. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட நம் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த், பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் ஆன்லைனில் ஆடினார். ஆமிர் கான், கிரிக்கெட் சஹல் எல்லாம் ஆடினார்கள். சஹல் சிறுவயதில் செஸ்ஸில் இந்தியாவுக்காகவே ஆடியவர். ஆனால் ஆனந்தைத் தோற்கடித்தவர் ஜெரோதா நிறுவனத்தின் நிகில் காமத். மறுநாளே, கம்ப்யூட்டர் உதவியும் தெரிந்தவர்கள் உதவியும் இருந்தது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். செஸ்.காம் அவர் கணக்கை முதலில் மூடி, ரேட்டிங் இல்லாத ஆட்டம்தானே என்று பிறகு திறந்துவிட்டது. ஆனந்த், தான் போர்டில் இருந்ததைப் பார்த்து ஆடியதாகவும் மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல காரியத்துக்காக நடந்த விளையாட்டு, விட்டுவிடலாம் என்று அன்று பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ரேட்டிங் கணக்கை வகுத்தவர் ஆர்ப்பாட் ஈலோ. அமெரிக்காவில் குடியேறிய ஹங்கேரிக்காரர், என்னைப் போல இயற்பியல் வாத்தியார். உலக செஸ் கூட்டமைப்பு அவர் முறையை 1970இல் ஏற்றது. 200 புள்ளி கூடுதல் உள்ளவர் நான்கு ஆட்டத்தில் சுமார் மூன்று புள்ளி எடுக்க வேண்டும் என்பது போன்ற கணக்கு அது. ஆன்லைன் தளங்கள் இதிலிருந்து வளர்ந்த வேறு சூத்திரங்களை வைத்திருக்கின்றன. எதுவானாலும் புள்ளி வானத்திலிருந்து விழுவதில்லை. ஜெயித்தவனுக்கு ஏறும்போது தோற்றவனுக்கு இறங்குகிறது. நம் பையனின் 2100, விழுந்து விழுந்து படித்து ஆடிய எத்தனையோ பிள்ளைகளிடமிருந்து வந்தது. ஏமாற்றியவன் பிடிபட்டால் தளம் அவர்களுக்குப் புள்ளியைத் திருப்பித் தரும். அன்று இரவு போன தூக்கம் போனதுதான்.

பிடிபடுவதும் பெரும்பாலும் எளிதாகத்தான். சாதாரண நகர்த்தலுக்கும் கிராண்ட்மாஸ்டரே திணறும் நகர்த்தலுக்கும் ஒரே மாதிரி ஏழு விநாடி எடுத்தால் தளத்துக்குச் சந்தேகம் வராதா? நேரில் ஆடினாலும் ஆசை விடுவதில்லை. இகோர்ஸ் ரவுசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் ஐம்பது வயதுக்கு மேல் 2700ஐ நெருங்கினார். 2019இல் பிரான்சில் ஒரு போட்டியின்போது கழிவறையில் போனோடு சிக்கினார். பட்டமும் போனது.

பையனைத் திட்ட வாய் வந்தது. ஆனால் திட்ட முடியவில்லை. ஏன் என்று உங்களில் சிலருக்குத் தெரியும்.

ப்ளஸ் டூ இயற்பியலில் அப்போது 200க்கு 50 மதிப்பெண் செய்முறைத் தேர்வு. நான் வேலை பார்த்த பள்ளியில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஐம்பதுக்கு ஐம்பது. ஸ்பெக்ட்ரோமீட்டரில் வெர்னியர் படிக்கத் தெரியாதவனுக்கும் ஐம்பது. மற்ற பள்ளிகளில் போடுகிறார்களே, நம் பிள்ளை கட்-ஆஃபில் பின்தங்கலாமா என்பதுதான் எங்கள் நியாயம். பையன் சொன்ன அதே "எல்லாரும்தான்". நான் போட்ட ஐம்பதோடு பொறியியல் கல்லூரிக்குப் போன ஒருவன், முதலாண்டு ஆய்வகத்தில் எல்லார் முன்னாலும் அவமானப்பட்டு விழுப்புரம் வந்து என் வீட்டு வாசலில் நின்றான். "தெரியலன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். அன்று அவனுக்குக் காபி கொடுத்து அனுப்பினேன், பதில் கொடுக்கவில்லை. தம்பி, இதைப் படிக்கிறாய் என்று தெரியும். நான் செய்தது தப்பு.

இதையே திண்டிவனத்தில் பேரனிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்தக் கணக்கை அவனே அழித்தான். புதிதாகத் தொடங்கியதில் போன வாரம் வரை 740. முந்தாநாள் போனில் சொன்னான், 690 ஆகிவிட்டதாம். குரலில் கொஞ்சம் அழுகை.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு விழுப்புரம் வீட்டுக்கு வருகிறான். அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். என்னிடம் ஒரு போர்டுதான் இருக்கிறது, அதிலும் ஒரு கறுப்புச் சிப்பாய்க்குப் பதில் சட்டைப் பொத்தான். முடிந்தவர்கள் கையோடு ஒரு போர்டு எடுத்து வரவும்.