கருணை வேண்டா, கணக்கில் பங்கு வேண்டும்!

"தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் மிகையாகக் கொடுக்கிறோமே, இன்னும் என்ன குறை?" என்று கேட்கிறார் முதலாளி. கொடுக்கிறாராம்! கொடுப்பவன் கை மேலே, பெறுபவன் கை கீழே. பிறப்பிலே மேல் கீழ் கூடாதென்று பேசும் நாம், பிழைப்பிலே மட்டும் அதனைப் பொறுத்துக்கொள்வதோ?

அந்த ஒரு மாதச் சம்பளம் வள்ளன்மையன்று. 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டத்தின் வழியே வந்த உரிமை. ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, கீழ்வரம்பு. 20 விழுக்காடு மேல்வரம்பு. 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பும் இவ்வரம்புகளையே ஏற்றது. கீழ்வரம்பைத் தொட்டுவிட்டுப் பாரி என்று பட்டம் கேட்கிறார் சீமான்!

இலாபம் எவ்வளவு பெருகினாலும் பாட்டாளியின் உரிமை இருபதோடு முடிகிறது. பங்குதாரருக்கோ வரம்பே இல்லை! ஆகவேதான் உடைமையிலேயே பங்கு கேட்கிறோம். தொழிலாளி கூலி உயர்வோடு நில்லாமல் பங்காளியாக வேண்டும் என்றார் பெரியார்.

"பங்கு கேட்பவன் நட்டத்தையும் சுமப்பானா?" என்பர். அவர்கள் காரைக்காலுக்கு வரட்டும்! 2009இல் இயங்கத் தொடங்கிய இத்துறைமுகம், கடன் சுமையால் 2022இல் திவால் நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. 2023இல் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2016ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி, யாரிடம் ஒப்படைப்பது என்று வாக்களிக்கும் உரிமை நிதிக்கடன் கொடுத்தோர் குழுவுக்கே. கரி இறக்கியவனுக்கு வாக்கில்லை! வேலை நிலைக்குமா என்ற அச்சம் அவனுக்கு. விலை பேசும் உரிமை வேறொருவர்க்கு. நட்டத்தின் நடுக்கத்தை ஏற்கெனவே சுமப்பவனிடமா இந்தக் கேள்வி?

2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் ஊழியருக்குப் பங்கு வழங்க வழி வைத்திருக்கிறது. ஆனால், வழங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அச்சட்டத்தின் விதிகளில், பங்கு விருப்பத் திட்டமோ ஊழியரில் நிரந்தரமானவர்க்கே. ஒப்பந்தத் தொழிலாளி வாசலுக்கு வெளியே! கதவு உண்டு, திறவுகோல் முதலாளி மடியில்!

இது நடவாத கனவன்று. பக்கத்துத் தஞ்சையிலே, குத்தகை உழவனுக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கேனும் உண்டு என்றது 1952ஆம் ஆண்டுச் சட்டம். 1956இல் நன்செய்க் குத்தகை 40 விழுக்காடாக வரையறுக்கப்பட்டு, உழுதவனுக்கு 60 என்றாயிற்று. உலகம் கவிழ்ந்துவிடவில்லை! களத்து மேட்டிலே நெல்லைப் பங்கிடச் சட்டம் செய்த நாடு, கணக்கேட்டிலே இலாபத்தைப் பங்கிடத் தயங்குவானேன்?

நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கு பெற அரசு வழிசெய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 43ஏ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சொல்கிறது. சொல் ஏட்டில்; செயல் எங்கே? ஒப்பந்தத் தொழிலாளியையும் சேர்த்து, அனைவர்க்கும் பொதுவான அறக்கட்டளையில் பங்கு. இயக்குநர் குழுவில் இருக்கை. கணக்கைப் பார்க்கும் உரிமை. இவை மூன்றையும் சட்டம் கட்டாயமாக்கட்டும்!

1936 ஜூலை 30 அன்று புதுவையில் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இரையாயினர். மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. கருணையால் வந்ததா அது? கேட்டனர், நின்றனர், பெற்றனர்! காரைக்கால் தோழனே, அந்த மண்ணின் உறவினன் நீ. இனாமுக்குக் கை ஏந்தாதே. உரிமைக்குக் கை உயர்த்து!