சரக்கு தராமல் காசு வாங்கலாமா?



மளிகை வியாபாரம் இன்று கடல் கடந்து நடக்கிறது. ஜெர்மனியில் கொலோன் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் அனுகா உணவுக் கண்காட்சிக்குப் போய்வர நம்மவர்களும் விரும்புகிறார்கள். ஆனால் கண்காட்சி வாசலுக்கு முன் விசா வாசலைத் தாண்டியாக வேண்டும்.

ஜெர்மனி, பிரான்ஸ் உள்ளிட்ட 29 ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவானது ஷெங்கன் விசா. 60 யூரோவாக இருந்த இதன் கட்டணம் 2020 பிப்ரவரியில் 80 ஆயிற்று. 2024 ஜூனில் 90 ஆயிற்று. மனு வாங்கும் தனியார் மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, அழைப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். கைரேகையும் கொடுக்க வேண்டும்.

இவற்றைக் கேட்பதில் தவறில்லை. புது ஆளுக்குக் கடனில் சரக்கு கொடுக்குமுன் நாமும் நாலு இடத்தில் விசாரிக்கத்தான் செய்கிறோம். என் குறை வேறு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய பணம் திரும்பாது. மனுவைப் பரிசீலித்த கூலி என்கிறார்கள். கூலியை எடுத்துக்கொண்டு மீதியைத் தரலாமே? சரக்கு இல்லையென்றால் அட்வான்சைத் திருப்பித் தருவதுதானே கடைவீதி தர்மம்!

காலமும் முக்கியம். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம் என்பதும் விதி. கண்காட்சி முடிந்தபின் வரும் விசா, தீபாவளி கழிந்து வரும் பட்டாசு.

நம் பக்கமும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டார் கட்டும் இ-விசா கட்டணமும் திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு கடையில் இரண்டு தராசு கூடாது. நாம் முதலில் திருத்திக்கொண்டால்தான் பிறரைக் கேட்க வாய் இருக்கும்.

போக நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம். கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். விசா கைக்கு வருமுன், பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்; மேல்முறையீட்டுக்கும் உரிமை உண்டு.

மறுத்த மனுவுக்கு ஒரு பங்காவது பணம் திரும்ப வேண்டும், வியாபாரப் பயணத்துக்கு 15 நாளில் முடிவு வேண்டும் என்ற இரண்டையும் கேட்டு, மத்திய வர்த்தக அமைச்சகத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் நம் சங்கம் மனு அனுப்ப வேண்டும். அடுத்த செயற்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.