வாஜா வாங்கலாமா?



பூச்சோங் பதினாலாங்கட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஷா ஆலாமில் ஷிப்ட் வேலை கிடைத்திருக்கிறது. அவர் கிளம்பும் நேரத்துக்கு எல்ஆர்டி கிடையாது. கைக்கு எட்டும் விலையில் பழைய புரோட்டோன் வாஜா ஒன்று வருகிறது. அப்பாவோ, "அது கறுப்பெண்ணெய் குடிக்கிற காடி, கிட்டவே போகாதே" என்கிறாராம்.

வாங்கலாம் தம்பி. அப்பா சொல்வதும் பொய்யில்லை. குடிக்கும் என்று தெரிந்தே வாங்குங்கள், விலையையும் அதற்கேற்றபடி பேசுங்கள்.

பூச்சோங் வழியே போகும் எல்டிபி நெடுஞ்சாலை 1999இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு வாஜா வந்தது. புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார் என்று பெருமைப்பட்டோம். ஆனால் முதலில் வந்த 1.6 வாஜாவின் இஞ்சின் மிட்சுபிஷியின் 4ஜி18. எண்ணெய் குடிக்கும் என்ற கெட்ட பெயர் அதற்குத்தான். 2006இல் கேம்ப்ரோ இஞ்சினோடும் வாஜா வந்தது. ஆகவே முதலில் கிரானை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றை, வாங்கி இஞ்சின் எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்.

எண்ணெய் பெரும்பாலும் இரண்டு வழியில் எரிகிறது. பிஸ்டனில் உள்ள எண்ணெய் ரிங் கரி பிடித்து இறுகிவிட்டால், சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயை வழித்து இறக்காது. மிதிக்க மிதிக்க நீலப்புகை வரும். மற்றது, வால்வு சீலின் ரப்பர் காய்ந்துபோவது. ராத்திரி கசிந்து இறங்கியது காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று புகையாகும், பிறகு வண்டி சாதுவாகிவிடும். எல்டிபி நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தாலும் இதே கதைதான். இஞ்சின் சும்மா ஓடும்போது உள்ளே உறிஞ்சும் இழுப்பு அதிகம். சீல் வழியாக எண்ணெயை இழுத்துக்கொள்ளும். டோல் தாண்டி மிதித்தவுடன் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார்.

ஆகவே, "காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், பெண் பார்க்க வருமுன்பே பவுடர் பூசியாகிவிட்டது என்று அர்த்தம். புகைக்குழாயின் உள்விளிம்பை விரலால் தடவுங்கள். காய்ந்த கரி பரவாயில்லை, பிசுபிசுப்பு ஆகாது. எண்ணெய் புத்தம்புதிதாக, கெட்டியாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். புகையை அடக்க 20டபிள்யூ-50 ஊற்றி விற்பது பழைய வித்தை. பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் பி5 சோதனை தேறிவிட்டது என்று தாளைக் காட்டுவார்கள். இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் சரி என்பது அதில் தெரியும். எண்ணெய் எவ்வளவு போகிறது என்பது தெரியாது.

விலை கூடிய காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதீர்கள். டொயோட்டாவின் 2.4 லிட்டர் 2ஏஇசட் இஞ்சின் இதே புகாரில் சிக்கியது. அமெரிக்காவில் 2007 முதல் 2009 வரையிலான கேம்ரிகளில் பலவற்றுக்கு நிறுவனமே பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக்கொடுக்க வேண்டி வந்தது. இங்கே ஓடும் பழைய வெல்ஃபயர், எஸ்திமா 2.4களில் இருப்பதும் அந்தக் குடும்பத்து இஞ்சின்தான். வாஜாவைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் வெல்ஃபயரின் எண்ணெய் அளவுக்கம்பியையும் ஒருதரம் இழுத்துப் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, இஞ்சின் ஆறியபின் அந்தக் கம்பியைப் பாருங்கள். எண்ணெய் குடிக்கிற இஞ்சின் பல வருடம் ஓடும்; எண்ணெய் வற்றிய இஞ்சின் ஓடாது. சிவப்பு விளக்கு எரியுமே என்பீர்கள். அது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. அளவு குறைவது அதற்குத் தெரியாது. அது எரியும்போது பேரிங் காய ஆரம்பித்திருக்கும். பூட்டில் ஒரு லிட்டர் டப்பா எப்போதும் இருக்கட்டும்.

வால்வு சீல் மட்டும் என்றால் செலவைத் தாங்கலாம். ரிங் என்றால் ஓவர்ஹால். பட்டறை போர்மேன் சொல்லும் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள். கார் விற்கும் தவுக்கே இறங்கி வரவில்லையா, விட்டுவிடுங்கள். பழைய வாஜாவுக்கு இந்த நாட்டில் பஞ்சமில்லை.

வாஜா வைத்திருக்கும் வாசகர்களே, உங்கள் வண்டி ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, ரிங் மாற்றினீர்களா, ஊற்றியே ஓட்டுகிறீர்களா என்று எழுதுங்கள். பூச்சோங், கின்ராரா பக்கம் நம்பிக்கையான பட்டறை தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். தம்பிக்கு அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்